கடற்படை விடுதியின் கூரை ஒழுகுகிறது: ஒதுக்கிய பணம் எங்கே நிற்கிறது?

கேள்வி: என் மகன் கடற்படையில் மாலுமி. திருகோணமலையில்தான் வேலை. மாரி தொடங்கினால் அவர்கள் படுக்கும் கட்டடத்தில் ஒழுக்குக்குப் பயந்து கட்டிலை இழுத்து இழுத்துப் போட வேண்டியிருக்கிறதாம். பாதுகாப்புக்குக் கோடி கோடியாக ஒதுக்குவதாகச் செய்தியில் சொல்கிறார்கள். அந்தப் பணம் எங்கே போகிறது? தாயாக நான் எங்காவது கேட்கலாமா? கேட்டால் மகனுக்குப் பாதிப்பு வருமா? (உப்புவெளி வாசகி)

பதில்: செய்தியில் வரும் பெருந்தொகையை வைத்துக் கூரையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. 2025இல் பாதுகாப்பு அமைச்சுக்கு ஒதுக்கியது ஏறத்தாழ 442 பில்லியன் ரூபா. அதில் ஏழில் ஆறு பங்கு மீண்டெழும் செலவு. சம்பளம், படிகள், உணவு, சீருடை, எரிபொருள், மின்கட்டணம் எல்லாம் அதற்குள் அடக்கம். ஆளணி அவ்வளவு பெரிது. தரைப்படையின் 200,783 என்ற அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையை 135,000 ஆகவும், 2030இல் 100,000 ஆகவும் குறைக்கப்போவதாக 2023 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சே அறிவித்ததற்கு இந்தச் சுமையும் ஒரு காரணம்.

கூரைக்கான பணத்தைத் தேட வேண்டிய இடம் திறைசேரி ஆண்டுதோறும் வெளியிடும் வரவு செலவுத் திட்ட மதிப்பீடுகள். தமிழிலும் வருகிறது. தரைப்படைக்குத் தலைப்பு 222, கடற்படைக்கு 223, விமானப்படைக்கு 224. 223ஐத் திறந்து பொருட் குறி என்ற நிரலில் இரண்டு எண்களைப் பாருங்கள். 1303 என்பது கட்டடப் பராமரிப்பு. மீண்டெழும் செலவில் வரும். 2001 என்பது கட்டடப் புனரமைப்பு; மூலதனச் செலவில் வரும். உங்கள் மகனின் கூரை இந்த இரண்டில் ஒன்றில்தான் நிற்கிறது. உணவும் சீருடையும் 1203 என்ற ஒரே குறியில் சேர்ந்திருப்பதால், அந்தத் தொகை கூடினால் சாப்பாடு நன்றாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

முதல் சிக்கல் இந்த இரண்டு குறிகளுக்கும் நடுவில்தான் வருகிறது. கடலோரக் கட்டடங்களில் உப்புக்காற்று முதலில் தின்பது தகட்டை அல்ல, தகட்டைப் பிடித்திருக்கும் கொக்கி ஆணிகளை. ஆணி துருப்பிடித்து மெலிந்ததும் அதன் வாசர் தளர்ந்து, துளை வழியே நீர் இறங்கும். ஆணியையும் வாசரையும் மாற்றி, பீலியில் அடைந்த சருகை அள்ளினால் பாதி ஒழுக்கு நின்றுவிடும். அது 1303 வேலை, சிறிய தொகை. கைமரமே உளுத்து, தகடுகள் வெடித்திருந்தால் முழுக்கூரையையும் மாற்ற வேண்டும். அது 2001. முழுக்கூரை வேலையைப் பராமரிப்பு என்று எழுதி அனுப்பினால் தொகை கொள்ளாது, கோப்பு திரும்பி வரும். பெரிய பணம் வரட்டும் என்று காத்திருந்தால், இருபது ஆணி மாற்றினால் தீரும் ஒழுக்கு மூன்று மாரியைக் கடக்கும். அஸ்பெஸ்டாஸ் தகட்டை நனைக்காமல் அறுக்கவோ துளைக்கவோ விடக்கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது.

இரண்டாவது சிக்கல் காலம். திருகோணமலைக்கு இதுவே பெரிய சிக்கல் என்பது எங்கள் கருத்து. அரசின் நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. செலவழியாத ஒதுக்கீடு அன்றோடு காலாவதி. மதிப்பீடு போட்டு, அனுமதி எடுத்து, விலைக்கேள்வி கோரி, திறைசேரியிடமிருந்து காசு வந்து சேரும்போது பல இடங்களில் ஒக்டோபர் ஆகிவிடுகிறது. கொழும்பில் அது எப்படியோ, இங்கே ஒக்டோபரில் வாடை மழை பிடித்துவிடும். ஜனவரி வரை கூரையைத் திறக்க முடியாது. கச்சான் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரைதான் வேலைக்குரிய காலம். 2025இல் வரவு செலவுத் திட்டமே மார்ச் 21இல்தான் நிறைவேறியது. அப்படியான ஆண்டுகளில் இந்த இடைவெளி இன்னும் சுருங்கும். முந்திய ஆண்டில் முடித்த வேலையின் நிலுவைப் பட்டியல்களும் இந்த ஆண்டுப் பணத்திலிருந்தே கழியும்.

ஆகவே மகன் செய்யக்கூடியது இது. ஒழுகும் இடத்தை மழைக்காலத்திலேயே குறித்து வைக்கட்டும்: கட்டட இலக்கம், எந்த அறை, எத்தனை தகடு, ஒழுக்கு ஆணித் துளையிலா, வெடிப்பிலா, பீலியிலா. 'கூரை மோசம்' என்ற முறைப்பாட்டை வைத்து எவராலும் மதிப்பீடு போட முடியாது. அந்தக் குறிப்பைத் தன் பிரிவு அதிகாரி ஊடாக எழுத்தில், திகதியுடன், மாரி முடிந்த கையோடு கொடுக்க வேண்டும். சிறு வேலை அந்த ஆண்டுக் கச்சானிலேயே முடியலாம். பெரிய வேலையென்றால், அடுத்த ஆண்டு மதிப்பீடுகள் தயாராகும் ஆண்டின் நடுப்பகுதிக்கு முன்னர் அது பட்டியலில் ஏறியிருக்க வேண்டும். படம் எடுத்து முகநூலில் போடுவது வேண்டாம். சேவை விதிகள் அதற்கு இடம் தருவதில்லை, தண்டனை அவருக்குத்தான்.

நீங்கள் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எந்தப் பிரசைக்கும் அந்த உரிமையைத் தருகிறது. ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. மகனின் பெயர், இலக்கம், முகாம் எதையும் எழுதாதீர்கள். எழுதாவிட்டால் அவரோடு இணைப்பது கடினம். ஒரு முகாமில் எத்தனை பேர், எந்தக் கட்டடம் எங்கே என்று கேட்டால், தேசியப் பாதுகாப்பு என்று 5ஆம் பிரிவின் கீழ் மறுப்பார்கள். பணத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள். கடற்படைத் தலைமையகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே இப்படி எழுதலாம்:

"தலைப்பு 223, பொருட் குறிகள் 1303, 2001 ஆகியவற்றுக்குக் கடந்த மூன்று ஆண்டுகளிலும் ஒதுக்கிய தொகை, நிதிப் பிரமாணம் 66இன் கீழ் உள்ளே வந்த அல்லது வெளியே போன தொகை, உண்மையாகச் செலவான தொகை, மீதி இருந்தால் அதற்கான காரணம் ஆகியவற்றைத் தருக."

66ஐக் குறிப்பிட மறக்க வேண்டாம். ஒரு குறியில் மிஞ்சும் பணத்தை இன்னொன்றுக்கு மாற்றுவது அந்தப் பிரமாணத்தின்படிதான். கூரைக்கென ஒதுக்கியது வேறெதற்காவது போயிருந்தால் அந்த நிரலில் தெரியும். பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கும் வருடாந்தச் செயலாற்றுகை அறிக்கையிலும் இதே விவரம் வரும்; முதலில் அதைப் பார்த்துவிட்டு எழுதினால் கேள்வி கூர்மையாகும்.

தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தகவல் அதிகமென்றால் அதைத் தரும் காலத்தை மேலும் 21 நாள் வரை நீடிக்கலாம். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அதிலும் திருப்தி இல்லையென்றால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. விண்ணப்பத்தைக் கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். தபாலில் அனுப்பினால் பதிவுத் தபாலில் அனுப்புவது நல்லது, ஏனெனில் நாட்களை எண்ணத் தொடங்குவது விண்ணப்பம் அவர்களுக்குக் கிடைத்த திகதியை வைத்துத்தான்.