512 ஜிபி வாங்கினேன், 475தான் இருக்கிறது!

கேள்வி: புக்கிட் பிந்தாங் பக்கம் ஒரு கடையில் மகளுக்கு மடிக்கணினி வாங்கினேன். பெட்டியிலும் ரசீதிலும் 512 ஜிபி எஸ்எஸ்டி (சேமிப்பு வட்டு) என்று இருக்கிறது. வீட்டில் திறந்து பார்த்தால் 475 ஜிபிதான் காட்டுகிறது, அதுவும் மொத்தமும் ஒரே சி டிரைவ். அதிலிருந்து டி டிரைவ் என்று இன்னொரு பகுதி பிரித்துத் தர 80 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார் கடைக்காரர். ஏமாந்துவிட்டேனா?
– செந்தூல் வாசகி

பதில்: ஏமாறவில்லை அம்மா. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி எண்ணுகிறது, அதாவது ஏறக்குறைய 107 கோடி. அந்தக் கணக்கில் 512 என்பது 476.8 ஆகிவிடும். ஒரு டெராபைட் வாங்கியவருக்கும் 931தான் தெரியும். மிச்சம் ஒன்றிரண்டு ஜிபி, கணினி தொடங்கவும் பழுதானால் மீளவும் விண்டோஸ் ஒதுக்கிக்கொண்ட சிறு பகுதிகளில் இருக்கிறது.

238 என்று காட்டியிருந்தால் கதையே வேறு. அது 256 ஜிபி வட்டு. அப்படி மாற்றிக் கொடுத்துக் கடை கைவிரித்தால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான வழக்குகளுக்கு மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதைத் தொலைக்காதீர்கள்.

சரி, டி டிரைவ் வேண்டுமா? பிரித்தால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரே ஒரு நன்மை உண்டு: விண்டோஸை மறுபடி போட நேர்ந்தால் சி-யை மட்டும் அழித்துவிட்டு, டி-யில் உள்ள பாடக் குறிப்புகளைத் தொடாமல் விடலாம். ஆனால் அதைக் காப்புப் பிரதி என்று எண்ணிவிடாதீர்கள். வட்டு செத்தால் இரண்டும் சேர்ந்தேதான் போகும். என்னைக் கேட்டால், அந்த 80 வெள்ளியைத் தனியாக ஒரு வெளி வன்தட்டு வாங்கப் போடுவேன்.

பிரித்தே ஆக வேண்டும் என்றால் வீட்டிலேயே செய்யலாம், பத்து நிமிட வேலை. முதலில் முக்கியமான கோப்புகளை வேறெங்காவது நகலெடுங்கள். பிட்லாக்கர் என்ற விண்டோஸின் குறியாக்கப் பூட்டு போட்டிருந்தால் அதன் மீட்புக் குறியீட்டைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அப்புறம் ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து, சி-யின் மேல் வலது கிளிக், ஷ்ரிங்க் வால்யூம். அளவை எம்பி-யில் கேட்கும் (ஒரு ஜிபிக்கு 1024 எம்பி). 200 ஜிபி வேண்டுமானால் 204800 என்று போடுங்கள். 200 என்று மட்டும் போட்டுவிட்டு, ஒரு சினிமாகூட வைக்க முடியாத டி டிரைவோடு முழிப்பவர்கள் நிறைய. கறுப்புப் பட்டையோடு காலி இடம் வந்ததும் அதில் வலது கிளிக், நியூ சிம்பிள் வால்யூம், கோப்பு அமைப்பாக என்டிஎஃப்எஸ், முடிந்தது. பக்கத்தில் இருக்கும் சிறு பகுதிகள் சும்மா கிடக்கின்றன என்று அழித்துவிடாதீர்கள். கணினி எழுந்திருக்காமல் போகலாம்.

சி-க்கு 250 ஜிபிக்குக் குறையாமல் விடுங்கள். பின்னால் சி நிறைந்தால், இதே டிஸ்க் மேனேஜ்மென்டில் டி-யைச் சுருக்கி சி-யை வளர்க்க முடியாது. சி-யை ஒட்டி வலப்பக்கத்தில் காலி இடம் இருந்தால்தான் விண்டோஸ் விடும். டி-யைச் சுருக்கினால் இடம் டி-க்கு அந்தப் பக்கம் போய் நிற்கும். அதில் டி-யைக் காலி செய்து அழித்தால்தான் வழி.

இன்னொன்று. பாதி வட்டு காலியாக இருந்தாலும் விண்டோஸ் கொஞ்சம்தான் சுருக்க விடும் சில நேரம். நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். ஹைபர்னேஷனையும் (வேலையை வட்டில் சேமித்துவிட்டுக் கணினி உறங்குவது) சிஸ்டம் ரெஸ்டோரையும் (கணினியைப் பழைய நிலைக்குத் திருப்பும் வசதி) தற்காலிகமாக நிறுத்திவிட்டு மறுபடி முயன்று பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், கொடுக்கிற அளவை வாங்கிக்கொண்டு விட்டுவிடுங்கள்.