முதல் போர்க்கால ரைபிளை வாங்க நினைக்கும் தம்பிக்கு

தம்பி, கனடாவில் நிரந்தர வதிவிட உரிமை கிடைத்து ஓராண்டாகிறது, பிரம்டனில் ஒரு பேஸ்மன்டில் வாடகைக்கு இருக்கிறீர்கள், கடையொன்றில் இரண்டாம் உலகப் போர்க்கால ரைபிளைப் பார்த்ததிலிருந்து அதில் ஒன்றை வாங்கிச் சுட்டுப் பழக ஆசை என்று எழுதியிருந்தீர்கள். குடியுரிமை இல்லாதவர் வாங்க முடியுமா, எதை வாங்குவது, எப்படித் தொடங்குவது என்பவை உங்கள் கேள்விகள். குடியுரிமை இல்லாதது தடையல்ல. ஆனால் உரிமம் கைக்கு வரும்வரை எந்தக் கடைக்காரருக்கும் முற்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

துப்பாக்கி வாங்கவும் வைத்திருக்கவும் வேண்டிய, பி.ஏ.எல். எனப்படும் அந்த உரிமத்துக்கு முதலில் கனடியத் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்து, எழுத்துத் தேர்விலும் செயல்முறைத் தேர்விலும் தனித்தனியே 80 விழுக்காடு பெற வேண்டும். அதன் பின்னர் ஆர்.சி.எம்.பி. எனப்படும் கனடிய மத்திய பொலிசுக்கு விண்ணப்பிக்கலாம். முதல் தடவை விண்ணப்பிப்பவருக்குச் சட்டப்படி குறைந்தது 28 நாள் காத்திருப்பு உண்டு. நடைமுறையில் அதைவிட நீளும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது சாட்சிகள் விடயத்தில்தான். உங்களை 3 ஆண்டுகளாவது அறிந்த இருவரைக் குறிப்பிட வேண்டியிருப்பதால், அதற்கு யாரைக் கேட்கலாம் என்பதை இப்போதே யோசித்து வையுங்கள். துணைவரின் கையொப்பத்துக்கும் படிவத்தில் இடமுண்டு. அது இல்லாவிட்டால் அலுவலகமே அவருக்கு அறிவிக்கும். துவக்குச் சத்தத்துக்கு அஞ்சிப் பதுங்கி வளர்ந்தவர்கள் நம் வீடுகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆகவே உங்கள் மனைவி இச்செய்தியை அதிகாரியின் கடிதத்தில் அறிவதைவிட உங்கள் வாயால் அறிவதே முறை. அவர் மனதார ஒப்பவில்லையென்றால் இந்த எண்ணத்தைத் தள்ளிப் போடுங்கள் என்பேன்.

வாடகை வீட்டில் வைத்திருப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ரைபிள் ரவையின்றி இருக்க வேண்டும். அத்துடன் விசைப்பூட்டுப் போட்டிருக்க வேண்டும், அல்லது போல்ட், அதாவது ரவையைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் இரும்புத் தண்டு, கழற்றப்பட்டிருக்க வேண்டும், அல்லது உடைத்துத் திறக்க எளிதல்லாத பெட்டியில் பூட்டப்பட்டிருக்க வேண்டும். ரவைகளை எளிதில் கைக்கெட்டாதவாறு பூட்டி வைப்பதே நல்லது. வீடு மாறினால் புதிய முகவரியை 30 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். வந்த புதிதில் நாம் அடிக்கடி வீடு மாறுகிறவர்கள் அல்லவா.

இனி எதை வாங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். ரஷ்ய மோசின் நாகாந்து ஒரு காலத்தில் மிக மலிவாகக் கிடைத்ததால் பலருக்கும் முதல் ரைபிளாக அமைந்தது. இன்று அந்த மலிவும் குறைந்துவிட்டது. அதன் போல்ட் பெரும்பாலும் முரண்டு பிடிப்பதால் பழகுநருக்கு ஏற்றதென்றும் நான் கருதவில்லை. என் தெரிவு லீ என்ஃபீல்ட் நம்பர் 4. நம் ஊர்ப் பொலிஸ் நிலையங்களில் முந்திய தலைமுறை கண்ட .303 ரைபிளின் பிற்கால வடிவம் அது. போல்ட் வழுக்கிக்கொண்டு ஓடும், ரவைக்கூடு 10 ரவை கொள்ளும், மான் வேட்டைக்காரர்கள் இன்றும் பயன்படுத்துவதால் புதிய .303 ரவைகள் இங்கே கடைகளில் கிடைக்கின்றன. வடக்கின் கடுங்குளிரில் ரோந்து செல்லும் கனடிய ரேஞ்சர்கள் அண்மைக்காலம்வரை இதைத்தான் ஏந்தினார்கள். மேலும், உங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத மிசிசாகாவின் ஏரிக்கரையில், லோங் பிராஞ்ச் தொழிற்சாலையில், 1941 முதல் ஏறத்தாழ 9 இலட்சம் நம்பர் 4 ரைபிள்கள் செய்யப்பட்டன. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள். அதனால் இந்நாட்டில் லோங் பிராஞ்ச் முத்திரையுள்ள ரைபிளைத் தேடிக் களைக்க வேண்டியதில்லை.

கடைக்காரர் அந்த ரைபிள் எந்தப் போர்முனைக்குப் போனது என்று கதை சொல்வார். கதையைக் கேளுங்கள், ஆனால் அதற்காகப் பணம் கொடுக்காதீர்கள். பணம் கொடுக்கத் தகுந்தது குழலும் போல்ட்டும்தான். போல்ட்டைக் கழற்றி, வெளிச்சத்தை நோக்கிக் குழலினூடாகப் பாருங்கள். குழலின் உட்புறம் சுருளாகச் செல்லும் வரிப்பள்ளங்களின் விளிம்புகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். சற்று மங்கலாக இருந்தால் பாதகமில்லை, அரித்துக் குழி விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள். போர்க்கால அவசரத்தில் இரண்டே பள்ளங்களுடன் செய்யப்பட்ட குழல்களும் உண்டு. அவை குறையுள்ளவை அல்ல, நன்றாகவே சுடும். குழல் முனையையும் உற்றுப் பாருங்கள், ஏனெனில் சுத்தம் செய்யும் கம்பி பல ஆண்டுகள் உராய்ந்து தேய்ந்த முனை குறியைக் கெடுத்துவிடும்.

போல்ட்டின் பிடியில் உள்ள தொடரிலக்கமும் உடலின் இடப்பக்கத்தில் உள்ள தொடரிலக்கமும் ஒன்றாக இருப்பது நல்லது. வேறாக இருந்தால், ரவையின் அடிப்புற விளிம்புக்கும் போல்ட் முகத்துக்கும் இடையிலான இடைவெளியைத் துப்பாக்கித் தச்சர் ஒருவர் அளவுகோல் வைத்துப் பார்க்காமல் ஒரு ரவையும் சுட வேண்டாம். அந்த இடைவெளி மிகுந்தால் பித்தளைக் கோது இழுபட்டு, விளிம்புக்குச் சற்று முன்னால் பிளந்துவிடக்கூடும். நம்பர் 4இல் போல்ட் தலை தனியாகக் கழலும். 0 முதல் 3 வரை இலக்கமிட்ட அளவுகளில் அது செய்யப்பட்டது இந்த இடைவெளியைச் சரிசெய்வதற்காகவே. லோங் பிராஞ்சில் பெரும்பாலும் காணப்படும் மார்க் 1* வகையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: போல்ட் தலையைக் கழற்றுவதற்காக, அது ஓடும் தண்டவாளத்தின் முன்பகுதியில் ஒரு வெட்டு இருக்கும். அதன் ஓரம் சிதைந்திருந்தால், போல்ட்டை வேகமாக இழுக்கும்போது தலை தண்டவாளத்திலிருந்து தெறித்து வெளியேறும். அத்தகைய ரைபிளை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

ரைபிளின் மரப்பகுதி வெட்டப்பட்டு வேட்டைத் துப்பாக்கியாக மாற்றப்பட்டவையும் இங்கே ஏராளம். சேகரிப்பாளர்கள் அவற்றை மதிப்பதில்லை. சுடப் பழகுவதற்கோ குழல் நன்றாக இருந்தால் அவையே போதும், விலையும் குறைவு. தனியாரிடம் வாங்கினாலும் விற்பவர் உங்கள் உரிமத்தைச் சரிபார்த்துத் துப்பாக்கிப் பதிவாளரிடம் ஒரு குறிப்பு இலக்கம் பெற வேண்டும். 2022 மே மாதம் முதல் இதுவே சட்டம். அதைத் தவிர்க்கலாம் என்பவரிடம் வாங்க வேண்டாம்.

சுடுவதற்கு ஒரு கழகத்தில் சேருங்கள். முதல் நாளில் மேசையில் அமர்ந்து, மணல் மூட்டையின் மேல் குழலை அல்ல, முன்மரத்தை வைத்துச் சுடுங்கள். ரவைகளை நிரப்பும்போது மேலே வரும் ரவையின் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். மாறினால் ஒன்றோடொன்று கொக்கியிட்டு நின்றுவிடும். அடிக்கட்டையைத் தோள் குழியில் இறுக்கிப் பிடித்தால் உதைப்பு தாங்கக்கூடியதே. தளர்வாகப் பிடித்தவருக்குத்தான் தோள் கன்றிப்போகும். குறிபார்ப்பதற்குப் பின்புறம் உள்ள மடங்கும் எளிய காட்சித்துளை 300, 600 யார்களுக்கென அமைந்திருப்பதால் 100 மீற்றரில் அடி மேலே விழும். அதைப் பார்த்துப் பதறி, குழல் முனையில் உள்ள முன்குறியை அராவினால் இன்னும் மேலேதான் போகும். உயரமான முன்குறியை வாங்கி மாற்றுவதே வழி. விசையை இழுத்தும் வெடிக்கவில்லையென்றால், குழலை இலக்கை நோக்கியபடியே ஒரு நிமிடம் வைத்திருந்து, அதன் பின்னரே போல்ட்டைத் திறங்கள்.

பழைய இராணுவ ரவைகளைத் தொடக்கத்தில் தவிருங்கள். அவற்றில் பலவற்றின் அடியில் உள்ள தீமூட்டி, குழலில் துருவேற்றும் உப்பை விட்டுச்செல்லும். எண்ணெய் அதைக் கரைக்காது, வெந்நீர் ஊற்றிக் கழுவி உலர்த்திய பிறகே எண்ணெய் பூச வேண்டும். புதிய ரவையானாலும், மாரியில் வெளியிலிருந்து சூடான வீட்டுக்குள் கொண்டுவந்ததும் இரும்பு வியர்க்கும் என்பதால், அது உலரும்வரை காத்திருந்து துடைத்துப் பூட்டுங்கள். மரத்தை மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதிதாக்கிவிடாதீர்கள். முத்திரைகள் அழிந்துவிடும், பின்னர் விற்க நினைத்தால் விலையும் விழும். ஆளிவிதை எண்ணெயை மெல்லிதாகப் பூசினால் போதும்.