கண்ணசைவும் ஆறாத நினைவும்: இ.எம்.டி.ஆர். சிகிச்சை குறித்த கேள்வி பதில்

கேள்வி: சாலை விபத்தில் உயிர் தப்பிய என் தம்பி, லாரி ஹாரன் கேட்டாலே நடுங்குகிறான். மருத்துவர் இ.எம்.டி.ஆர். சிகிச்சையைப் பரிந்துரைக்கிறார். இது ஹிப்னாடிசமா?

பதில்: இல்லை. இ.எம்.டி.ஆர். (Eye Movement Desensitization and Reprocessing) என்பது, வருத்தும் நினைவை மனத்தில் நிறுத்தியபடி, சிகிச்சையாளர் ஆட்டும் விரலைக் கண்களால் பின்தொடரச் செய்யும் உளவியல் சிகிச்சை. தம்பி முழு விழிப்புடன் இருப்பார்; தாங்க முடியாதபோது கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லலாம். கண்கள் இங்குமங்கும் அசையும்போது தம்மை வருத்திய எண்ணங்களின் வேகம் தணிவதை, அமெரிக்க உளவியலாளர் பிரான்சீன் ஷாப்பிரோ 1987இல் கவனித்ததிலிருந்து பிறந்த முறை இது. அதிர்ச்சியான நினைவு மனத்தில் செரிக்கப்படாமல் தங்கிவிடுவதால்தான், முடிந்துபோன விபத்து இப்போது நடப்பதுபோல் உடல் பதறுகிறது என்பது அவருடைய விளக்கம்.

கேள்வி: சிகிச்சை அறையில் என்ன நடக்கும்?

பதில்: மொத்தம் எட்டுக் கட்டங்கள். முதல் சந்திப்பிலேயே விரலை ஆட்டத் தொடங்குபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். கடந்தகால விவரங்களைக் கேட்டறிவதும், பதற்றம் எழுந்தால் மனத்தை அமைதிப்படுத்தும் பயிற்சிகளைக் கற்றுத்தருவதும் முதலில் நடந்தாக வேண்டும். அதன்பின், நினைவின் மிகக் கொடிய காட்சி, அதோடு ஒட்டிய 'நான் செத்துவிடுவேன்' போன்ற எண்ணம், உடலில் இறுக்கம் தோன்றும் இடம் ஆகியவற்றைத் தம்பி அடையாளம் கண்டு, வேதனையை 0 முதல் 10 வரையான அளவில் மதிப்பிடுவார். அவற்றை மனத்தில் நிறுத்தியபடி, சிகிச்சையாளரின் விரலைக் கண்களால் சிறிது நேரம் பின்தொடர்வார். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் 'இப்போது என்ன தோன்றுகிறது?' என்று மட்டுமே கேட்பார்கள். வேதனை தணிந்ததும் 'நான் பிழைத்துவிட்டேன்' என்ற எண்ணத்தை வலுப்படுத்துவார்கள். விபத்து மறந்துபோகாது, அதை நினைக்கும்போது எழும் நடுக்கம்தான் தணியும்.

கேள்வி: எனக்கு நடந்ததை வாய்விட்டுச் சொல்ல என்னால் முடியாது. எனக்கும் இது பொருந்துமா?

பதில்: பொருந்தக்கூடும். நடந்ததை விரிவாக விவரிக்க வேண்டிய கட்டாயம் இதில் இல்லை; பலருக்கு இதுவே பெரிய ஆறுதல்.

கேள்வி: கண்ணை அசைத்தால் மனக்காயம் ஆறும் என்பதை எப்படி நம்புவது?

பதில்: நியாயமான ஐயம். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்க்கு உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்த முறைகளில் இதுவும் ஒன்று. எனினும், கண்ணசைவின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே தொடர்கிறது. நினைவையும் அசைவையும் ஒரே நேரத்தில் கவனிக்கும்போது நினைவின் தீவிரம் மங்குகிறது என்பது அவர்களுள் பலர் ஏற்கும் விளக்கம்.

கேள்வி: யூடியூப் பார்த்து வீட்டிலேயே செய்யலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். கிளறப்பட்ட நினைவு பொங்கி எழும்போது, உங்களை நிகழ்காலத்துக்கு அழைத்துவர அருகில் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தாக வேண்டும். தற்கொலை எண்ணமோ வலிப்பு நோயோ இருப்பின், அதை முதல் சந்திப்பிலேயே சிகிச்சையாளரிடம் கூறிவிடுங்கள்.