யானையைப் பிடித்து வேறு காட்டில் விட்டால் பிரச்சினை தீருமா?

பயிரை மேய வரும் யானையைத் தூரத்துக் காட்டில் கொண்டுபோய் விட்டால் என்ன என்பது நியாயமான கேள்வி. ஆனால் பெரும்பாலும் அது பலன் தருவதில்லை. 2023 ஏப்ரலில் கேரளத்தின் சின்னக்கானலில் பிடித்த அரிக்கொம்பன் என்ற யானையைப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே மாதமே அது கம்பம் நகருக்குள் வந்துவிட்டது. இலங்கையில் இப்படி இடம் மாற்றிய ஆண் யானைகளில் சில பழைய இடத்துக்கே திரும்பின, சில போன இடத்தில் புதிதாக வயல்களுக்குள் இறங்கின.

வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தீவனம் வேண்டும். காட்டில் நாள் முழுக்கத் தேடித் தின்பதைவிட வயலில் சீக்கிரம் வயிறு நிறைகிறது. அதன் வழித்தடத்தில் கட்டடம் எழுந்துவிட்டால், அப்புறம் அது வேறு எப்படித்தான் போகும்?

எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது வால்பாறை. அங்கே பல உயிரிழப்புகளுக்குக் காரணம், பக்கத்தில் யானை நிற்பது தெரியாமல் இருட்டில் நடந்ததுதான். அதனால் யானை இருக்கும் இடத்தைக் குறுஞ்செய்தியில் சொன்னார்கள், சிவப்பு எச்சரிக்கை விளக்குகள் வைத்தார்கள். உயிரிழப்பு குறைந்தது. இந்த முறைக்கு யானையைத் துரத்த வேண்டியதில்லை.

கென்யாவில் தேனீப் பெட்டிகளையே வேலியாகத் தொங்கவிடுகிறார்கள். யானைக்குத் தேனீ என்றால் பயம், விவசாயிக்குத் தேனும் கிடைக்கிறது. வறட்சியில் தேனீக்கள் போய்விட்டால் மட்டும் பலன் குறையும்.

வீட்டு மின்சாரத்தை நேராக வேலியில் பாய்ச்சுவது மட்டும் கூடவே கூடாது. அது யானையையும் கொல்லும், மனிதரையும் கொல்லும். பயிர் இழந்தவருக்கு இழப்பீடு சீக்கிரம் கிடைத்தால் அந்த நிலைக்கு அவர் போக மாட்டார்.