கச்சேரிக் காசும் வரிக் கணக்கும்

கேள்வி: நான் வெள்ளவத்தையில் வசிக்கும் மிருதங்கக் கலைஞர். நடன அரங்கேற்றங்களுக்குப் பக்கவாத்தியக் குழு முழுவதையும் நானே ஒழுங்கு செய்து கொடுப்பேன். பெற்றோர் மொத்தப் பணத்தையும் என் வங்கிக் கணக்கில் போட்டுவிடுவார்கள். பாடகர், வயலின், புல்லாங்குழல் என்று எல்லோருக்கும் நான் பிரித்துக் கொடுப்பேன். 2026 மார்ச்சுடன் முடிந்த ஆண்டில் என் கணக்குக்கு வந்தது 42 இலட்சம் ரூபா. இவ்வளவுக்கும் நான் வரி கட்ட வேண்டுமா? வாத்தியம், ஒலிவாங்கி, ஓட்டோச் செலவு எல்லாம் கழிக்கலாம் என்கிறார் ஒரு நண்பர். அதெல்லாம் கடைக்காரர்களுக்குத்தான், கலைஞர்களுக்கு இல்லை என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: முதல் நண்பர் சொன்னதுதான் சரி. இலங்கையின் 2017ஆம் ஆண்டு 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், வருமானத்தை உழைப்பதற்காகச் செய்த செலவை அந்த அளவுக்குக் கழிக்க விடுகிறது. உழைப்பவர் செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருக்கிறாரா, சரஸ்வதி மண்டபத்தில் மிருதங்கம் வாசிக்கிறாரா என்று அது பார்ப்பதில்லை. நீங்கள் சுயமாகத் தொழில் செய்பவர். உங்கள் வாசிப்பு உங்கள் வியாபாரம். சன்மானம் என்று சொல்லி உறையில் வைத்துக் கொடுத்தாலும் அது வருமானம்தான். அதை உழைக்க நீங்கள் செலவழித்ததும் கணக்குத்தான்.

உங்கள் கடிதத்தில் வாத்தியத்தையும் ஓட்டோவையும் விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது: நீங்கள் பிரித்துக் கொடுக்கும் பணம். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 42 இலட்சத்தில் 15 இலட்சம் மற்றக் கலைஞர்களுக்குப் போனது என்றும், போக்குவரத்து, வாத்தியப் பராமரிப்பு, தேய்மானம் (பல ஆண்டு பாவிக்கும் பொருளின் விலையில் ஆண்டுக்குக் கழிக்கும் பங்கு) எல்லாம் சேர்த்து 5 இலட்சம் என்றும் வைத்துக்கொள்வோம். மிச்சம் 22 இலட்சம். 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபர் விலக்கு, அதாவது ஒருவர் வரி கட்டத் தேவையில்லாத தொகை, ஆண்டுக்கு 18 இலட்சம். ஆக, வரிக்கு உட்படுவது 4 இலட்சம். அதற்கு 6 வீதம், 24,000 ரூபா.

இந்தச் செலவுகளை உங்களால் காட்ட முடியாமல் போனால் என்ன ஆகும்? 42இல் 18 போக 24 இலட்சத்துக்கும் வரி. முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 18, அதற்கடுத்த 5க்கு 24, மீதி 4க்கு 30. கூட்டினால் 390,000 ரூபா. வயலின்காரருடைய காசுக்கும் புல்லாங்குழல்காரருடைய காசுக்கும் நீங்கள் வரி கட்டியிருப்பீர்கள். கலைஞர்கள் இப்படி வீணாகக் காசை இழப்பதைப் பார்க்க எனக்கு மனம் கேட்பதில்லை. அதனால்தான் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

வங்கிக் கூற்றில் பணம் வந்தது தெரியும். நீங்கள் மெஷினில் எடுத்து, மேடைக்குப் பின்னால் ஆளாளுக்கு உறையில் கொடுத்தது தெரியாது. ஆகவே முடிந்தவரை ஒவ்வொருவருக்கும் வங்கி மூலமே அனுப்புங்கள். குறிப்பில் அரங்கேற்றம் என்றும் திகதியையும் போடுங்கள். காசாகத்தான் வேண்டும் என்பவரிடம் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொகை, நிகழ்ச்சி எழுதிய ஒரு வவுச்சரில் கையொப்பம் வாங்குங்கள். தம்புரா போட வரும் உங்கள் மாணவருக்குக் கொடுப்பதையும் விடவேண்டாம்.

மூத்த வித்துவான் ஒருவரிடம் கையொப்பம் கேட்கக் கூச்சமாக இருக்கும். சிலர், “என்ர பேரை ஒண்டிலும் எழுதாதையும் தம்பி” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு உள்ளது பயம்தான். “ஐயா, உங்கள் வருமானம் ஆண்டுக்கு 18 இலட்சத்துக்குள் என்றால் உங்களுக்கு ஒரு சதம் வரி இல்லை. என் கணக்குச் சரியாக இருக்கத்தான் கேட்கிறேன்” என்று பணிவாகச் சொல்லிப் பாருங்கள். நிகழ்ச்சிக்கு முன்பே, அச்சாரம் கொடுக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது. கச்சேரி முடிந்து எல்லோரும் களைத்திருக்கும் நேரத்தில் கேட்டால் அது மனக்கசப்பில் முடியும்.

சரி, மற்றச் செலவுகள். மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலைக்குத் தோல் மாற்றுவது, வார் இழுத்துக் கட்டுவது, ஒத்திகைக்கு மண்டபம் எடுப்பது எல்லாம் அந்தந்த ஆண்டிலேயே கழியும். வீட்டிலிருந்து நிகழ்ச்சிக்கு வாத்தியத்தோடு போகும் ஓட்டோக் காசும், யாழ்ப்பாணத்துக்குக் கச்சேரிக்குப் போகும் ரயில் காசும் தொழில் செலவுதான். செயலி மூலம் ஓட்டோ பிடித்தால் பற்றுச்சீட்டு தொலைபேசியிலேயே இருக்கும். தெருவில் மறித்து ஏறினால் அன்றே எழுதி வையுங்கள்.

புதிய மிருதங்கம், ஒலிவாங்கி, ஸ்பீக்கர் போன்ற பல ஆண்டு பாவிக்கும் பொருட்களை வாங்கிய ஆண்டிலேயே முழுதாகக் கழிக்க முடியாது. ஐந்து ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும். 6 இலட்சத்துக்கு ஒலிச் சாதனம் வாங்கினால் ஆண்டுக்கு 120,000. பதிவு செய்யவும் கணக்குப் பார்க்கவும் வாங்கிய மடிகணினிக்கும் இதே கணக்கு. அதில் பிள்ளைகள் படமும் பார்த்தால் தொழிலுக்குப் பாவித்த பங்கை மட்டும் எடுங்கள். தொலைபேசிக் கட்டணமும் அப்படியே. சொந்தக் காரின் விலைக்குத் தேய்மானம் கிடையாது.

கழிக்க முடியாதவை: உங்கள் சாப்பாடு, ஒழுங்கமைப்பாளரை ஹோட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கொடுத்த விருந்து, மண்டபத்து வாசலில் வாகனத்தை விட்டதற்கு பொலிஸ் எழுதிய தண்டப்பணம், வருமான வரி.

ஒரு நல்ல செய்தியும் சொல்ல வேண்டும். குருவிடம் தொடர்ந்து பாடம் எடுக்கிறீர்களா? தொழிலோடு நேரடியாகத் தொடர்புள்ள, பட்டமோ டிப்ளோமாவோ தராத கற்றலுக்கான செலவைச் சட்டம் ஏற்கிறது. எவ்வளவு பெரிய கலைஞரும் கற்றுக்கொண்டே இருக்கும் துறை இது. ஆனாலும் இந்தச் சலுகையைக் கேட்டு வருபவர்கள் மிகக் குறைவு.

உங்களிடம் கட்டாயம் ஒரு டயறி இருக்கும், எந்தத் திகதி எந்த மண்டபம் என்று. அதே பக்கத்தில் வந்த தொகை, கொடுத்த தொகை, போக்குவரத்து மூன்றையும் எழுதுங்கள். தமிழில் எழுதலாம், கணக்குப் பதிவுகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றில் எதிலும் இருக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. டயறியையும் சிட்டைகளையும் ஐந்து ஆண்டுகள் பத்திரமாக வையுங்கள். உங்களுக்குப் பணம் தந்த எவராவது வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தந்திருந்தால் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்; கட்டவேண்டிய வரியில் அது கழியும். வரி இலக்கம் இன்னும் இல்லையென்றால் உடனே எடுங்கள். ஆண்டு வருமானத்தைக் காட்டும் உங்கள் வரி விபரத்திரட்டை நவம்பர் 30க்குள் ஒப்படைக்க வேண்டும். மீதி வரியைக் கட்டும் கடைசி நாள் அதற்கும் முன்னால், செப்டெம்பர் 30.

கேள்வி: நான் கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையில் சங்கீத ஆசிரியை. மாலையில் வீட்டில் வீணை வகுப்பும் நடத்துகிறேன். புதிதாக வாங்கிய வீணையின் செலவைச் சம்பளத்திலிருந்து கழிக்கலாமா?

பதில்: முடியாது, ரீச்சர். சம்பள வருமானத்துக்கு எதிராகச் செலவு எதையும் கழிக்கச் சட்டத்தில் இடமில்லை. பாடசாலைக்குப் போய்வரும் பஸ் காசும் அதில் அடக்கம். மாலை வகுப்பு வேறு. அது உங்கள் தொழில் வருமானம். அந்த வீணையில் வகுப்பு எடுக்கிறீர்கள் என்றால் ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு வகுப்பு வருமானத்திலிருந்து கழியும். வகுப்புக்கென்றே ஒதுக்கிய அறை இருந்தால் வாடகையிலும் மின்சாரத்திலும் அதற்குரிய பங்கையும் எடுக்கலாம். 18 இலட்சம் விலக்கு சம்பளத்துக்கு ஒன்று, வகுப்புக்கு ஒன்று என்று இரண்டு இல்லை, இரண்டும் சேர்த்து ஒன்றுதான். சம்பளத்தில் ஏற்கெனவே வரி பிடிக்கிறார்கள் என்றால் அந்த விலக்கு அங்கேயே முடிந்துவிட்டது. வகுப்பு வருமானத்தின் முதல் ரூபாவிலிருந்தே வரி வரும் என்று நினைத்து மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி: மேடைக்கென்றே வாங்கும் பட்டுப்புடவையைச் செலவாகக் காட்டலாமா? நான் பாடகி. என் தங்கை பரதநாட்டியம் ஆடுபவர்.

பதில்: தங்கையின் நடன உடையைக் காட்டலாம். உங்கள் புடவையைக் காட்ட முடியாது. தொழிலுக்கு வெளியே உடுத்த ஏற்றதல்லாத உடைக்கு மட்டுமே சட்டம் இடம் தருகிறது. காஞ்சிபுரம் பட்டைக் கல்யாண வீட்டுக்கும் உடுத்தலாம் அல்லவா. நீங்கள் மேடைக்கு மட்டும்தான் உடுத்துகிறீர்கள் என்பது இதில் செல்லாது.