அப்பாவின் மளிகைக் கடை, 44ஏடி, ஜூலையில் முழு வரியும் கட்டியும் வட்டி

அப்பாவின் கடைக்கு ஜூலையில் முழு வருமான வரியும் கட்டிய பிறகும் ஏன் வட்டி கேட்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அந்த வட்டி சரிதான். 44ஏடியில் (சிறு வியாபாரிகள் விற்பனையில் குறிப்பிட்ட விகிதத்தை லாபமாகக் காட்டும் வருமான வரிப் பிரிவு) நான்கு தவணைகள் இல்லையே தவிர, முன்கூட்டிய வரி, அதாவது நிதியாண்டு முடியும் முன்பே கட்டும் வரி, உண்டு. மொத்தத்தையும் மார்ச் 15-க்குள் கட்டியிருக்க வேண்டும். தவறியதற்கு 234சி பிரிவில் ஒரு முறை 1% வட்டி. அப்புறம் 234பி பிரிவில் ஏப்ரலிலிருந்து கட்டிய மாதம் வரை மாதம் 1%.

அப்பாவுக்கு 64 வயது என்பதால் முன்கூட்டிய வரியிலிருந்து விலக்கு என்று நினைத்திருப்பீர்கள். பலர் இடறும் இடம் இது. வியாபார வருமானம் இல்லாத மூத்த குடிமக்களுக்குத்தான் அந்த விலக்கு.

வட்டியைக் கட்டுவதற்கு முன் அப்பாவின் 26ஏஎஸ்-ஐ (அவர் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் அறிக்கை) திறந்து, எஃப்டி வட்டிக்கு வங்கி முன்பே பிடித்த வரி (டிடிஎஸ்) முழுதும் ரிட்டர்னில் ஏறியிருக்கிறதா பாருங்கள். அதைக் கழித்தபின் மீதி வரி 10,000 ரூபாய்க்குக் கீழே வந்தால் இரண்டு வட்டியும் போய்விடும்.

விற்பனை முழுவதற்கும் 8% லாபம் போட்டிருந்தால் அதையும் பாருங்கள். யுபிஐ, வங்கி வழியாக வந்த தொகைக்கு 6% போதும். ஆனால் அது குறைந்தபட்சம்தான். உண்மை லாபம் அதிகம் என்றால் அதைத்தான் காட்ட வேண்டும். வட்டியைக் குறைப்பதற்காக லாபத்தைக் குறைக்காதீர்கள்.