ஆயுதம் ஏந்தி நின்றவர் காவலர்மீதே வழக்குத் தொடுக்க முடியுமா?

அன்புள்ள தம்பிக்கு,

டாலஸ் வந்த புதிதிலேயே, கடைவீதி நடைபாதையில் நீண்ட துப்பாக்கிகளைத் தோளில் மாட்டிப் பதாகையோடு நின்றவர்களைக் கண்டு திகைத்ததாக எழுதியிருந்தீர்கள். இப்படி நின்று கைதானவர்கள் பிறகு காவலர்கள்மீதே குடிமை உரிமை வழக்குத் தொடுப்பார்கள் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னது உண்மைதானா, அவர்களைக் கைபேசியில் படம் பிடித்தது தவறா, நண்பர் அழைக்கும் துப்பாக்கிப் பயிற்சிக்கூடத்துக்குப் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தேர்தல் அறிவிப்பு வந்தால் உரிமம் பெற்ற துப்பாக்கியைக்கூடக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் ஊரிலிருந்து வந்தவருக்குத் திகைப்பு இயல்பே.

அலுவலக நண்பர் சொன்னது உண்மை. டெக்சாஸில் நீண்ட துப்பாக்கியை வெளியே தெரியும்படி எடுத்துச் செல்ல உரிமம் தேவையில்லை. கைத்துப்பாக்கிக்கு 2016 முதல் உரிமத்தோடும், 2021 செப்டம்பர் முதல், தகுதியுள்ளவர்களுக்கு உரிமம் இல்லாமலும் அனுமதி உண்டு. ஆகவே துப்பாக்கியோடு நிற்பது மட்டுமே குற்றமாகாது. பிறரை அச்சுறுத்தும் நோக்கில் அதைக் காட்டுவதுதான் பொது ஒழுங்கைக் குலைக்கும் குற்றம். ஒருவர் சும்மா நின்றாரா, அச்சுறுத்த நின்றாரா என்பதைக் காவலர் தெருவிலேயே, சில நிமிடங்களில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தீர்மானம் சரியா என்பதைத்தான் இந்த வழக்குகள் பல ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தில் ஆராய்கின்றன.

ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோ நகரில் 2010-இல் நடந்ததை முதலில் சொல்கிறேன். இடுப்பு உறையில் கைத்துப்பாக்கியோடு, குடும்பத்தையும் நாயையும் அழைத்துக்கொண்டு ஒருவர் நடந்துபோனார். மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் அதை ஆட்சேபிக்க, காவலரை அழைக்கும் அவசர எண்ணான 911-க்கு அழைப்பு போயிற்று. வந்த காவலர் துப்பாக்கியைப் பறித்து, அவருக்குக் கைவிலங்கிட்டு, ஏறத்தாழ அரை மணி நேரம் காவல் வாகனத்தில் உட்கார வைத்தார். துப்பாக்கியோடு நடந்தவர் தொடுத்த வழக்கில், ஒஹாயோ, டென்னசி உள்ளிட்ட சில மாநிலங்களுக்கான கூட்டரசின் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-இல் காவலரின் வாதத்தை ஏற்கவில்லை. மாநிலச் சட்டம் அனுமதித்த ஒரு செயலை மட்டுமே காரணமாக வைத்து ஒருவரைக் குற்றவாளியென்று சந்தேகிக்க முடியாது, அப்படித் தடுத்து வைப்பது நியாயமற்ற சோதனையையும் கைதையும் தடுக்கும் அரசியலமைப்பின் நான்காம் திருத்தத்துக்கு முரணானது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஆனால் அதே நீதிமன்றம் 2012-இல் டென்னசி வழக்கொன்றில் காவலர் பக்கம் நின்றது. அங்கே ஒருவர் ஏகே-47 வடிவிலான கைத்துப்பாக்கியின் முனைக்கு ஆரஞ்சு வண்ணம் பூசி, இராணுவ உடைபோன்ற ஆடையணிந்து மாநிலப் பூங்காவில் நடந்தார். கைத்துப்பாக்கிக்கு மட்டுமே அனுமதியுள்ள இடத்தில் அது வேறு ஆயுதமோ என்று சந்தேகிக்கப் பூங்காக் காவலருக்குப் போதிய காரணம் இருந்தது என்று நீதிமன்றம் கண்டது. நம் மாநிலத்திலேயே, சான் அன்டோனியோவை ஒட்டிய ஓல்மோஸ் பார்க்கில் 2018-இல் ஆயுதத்தோடு ஆர்ப்பாட்டம் செய்து கைதானவர்களின் வழக்கில், டெக்சாஸ் உள்ளிட்ட மாநிலங்களுக்கான ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024-இல் காவலர்களுக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆகவே வழக்குப் போட்டவரெல்லாம் வெல்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள். சூழ்நிலையும் மாநிலச் சட்டமும் மாறினால் முடிவும் மாறுகிறது. அதோடு, மீறப்பட்ட உரிமை முந்தைய தீர்ப்புகளில் ஏற்கெனவே தெளிவாக நிலைநாட்டப்பட்டதாக இல்லாவிட்டால் காவலருக்குத் தனிப்பட்ட பொறுப்பில்லை என்னும் ‘குவாலிஃபைட் இம்யூனிட்டி’ கோட்பாடும் பல வழக்குகளை விசாரணைக்கு முன்பே முடித்துவிடுகிறது.

இந்த வழக்குகளைத் துப்பாக்கிப் பித்தர்களின் விவகாரம் என்று நம்மவர்கள் ஒதுக்குவது எனக்கு வருத்தம் தருகிறது. அவற்றுக்கு அடிப்படையான சட்டம் 1871-இல், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களைக் கூ க்ளக்ஸ் கிளான் என்னும் வெள்ளையின வெறிக் கும்பலின் வன்முறையிலிருந்து காக்க இயற்றப்பட்டது. அரசதிகாரத்தின் பெயரால் உரிமையைப் பறித்தவர்மீது இழப்பீடு கோர அது வழி செய்கிறது. குடிமக்களுக்கு மட்டுமல்ல, இந்நாட்டு எல்லைக்குள் இருக்கும் எவருக்கும் அது பொருந்தும். விசாவில் வந்த நீங்களும் அதில் அடக்கம். காரணமின்றித் தடுத்து வைக்கக் கூடாது என்று டொலீடோவில் துப்பாக்கி வைத்திருந்தவருக்குக் கிடைத்த நியாயம், இரவில் வேலை முடித்து நடந்துவரும் உங்களுக்கும் எனக்கும் உரியதே. எனக்கு அந்த ஆயுதங்கள் பிடிக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் நடமாடும் தெருவில் அவற்றைப் பார்க்கும்போது இன்றும் மனம் பதறுகிறது. ஆயினும், பிடிக்காதவருக்கும் இந்தப் பாதுகாப்பு இருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

பொது இடத்தில் நின்றவர்களைப் படம் பிடித்தது தவறில்லை. காவலர் பணியைக்கூடப் பொது இடத்திலிருந்து படம் பிடிக்கும் உரிமையை, ஃபோர்ட் வொர்த் தொடர்பான வழக்கொன்றில் ஐந்தாவது வட்டார நீதிமன்றம் 2017-இல் ஏற்றது. விலகி நின்று, காவலர் வேலைக்குக் குறுக்கே போகாமல் எடுங்கள். உங்களையே நிறுத்தினால் கைகளைத் தெரியும்படி வைத்து, கேட்டதற்குப் பணிவாகப் பதில் சொல்லுங்கள். அநியாயமென்று தோன்றினாலும் அங்கே வாதிட வேண்டாம். டெக்சாஸில் காவலர்மீது இத்தகைய வழக்கைத் தொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

பயிற்சிக்கூடத்துக்கு மட்டும் போகாதீர்கள். எச்-1பி என்னும் வேலை விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது கூட்டரசுச் சட்டப்படி குற்றம். 15 ஆண்டுவரை சிறை விதிக்கலாம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு என்றாலும், வழக்கறிஞரைக் கேட்காமல் அவற்றை நம்பி இறங்கக் கூடாது. மாணவர் விசாவில் வந்து படிப்பு நின்றபின் புளோரிடாவில் பயிற்சிக்கூடம் சென்று சுட்ட ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. தன் குடிவரவு நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019-இல் தீர்ப்பு வந்தது. ஆனால் அதற்குள் அவர் பட்ட பாடு நமக்கு வேண்டாம். ஆயுதக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நிரந்தரமாகத் தங்க உரிமை தரும் பச்சை அட்டை (கிரீன் கார்டு) வைத்திருப்பவரையே நாடு கடத்த முடியும். நண்பரிடம் இந்தக் காரணத்தையே சொல்லுங்கள். இங்கு வளர்ந்த பலருக்கு இப்படியொரு சட்டம் இருப்பதே தெரியாது.